உணவுக்கடைப் பலகையில் எந்த உணவு நாளை எழுதலாம்?

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பாரம்பரிய உணவுக்கடை ஒன்றை நடத்துகிறோம். ஒடியற்கூழ், குரக்கன் புட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி, அவித்த கௌபி முதலியவற்றை விற்கிறோம். பிள்ளைகள் கைபேசியைக் காட்டி, "இன்று உலக முட்டை நாள்", "இன்று தேசிய டோனட் நாள்" என்று நாளுக்கொன்று சொல்கிறார்கள். கடை வாசலில் கரும்பலகை ஒன்றை வைத்து, அன்றைய உணவு நாளையும் அதன் வரலாற்றையும் இரண்டு வரியில் எழுத விரும்புகிறோம். இவற்றில் எவை உண்மையானவை? இவற்றை அறிவிப்பவர்கள் யார்? ஐக்கிய நாடுகளின் சின்னத்தைப் பலகையில் ஒட்டலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் எண்ணம் நல்லது, தயங்காமல் செய்யுங்கள். ஆனால் பலகையில் எழுதுவதற்கு முன்னர் ஒவ்வொரு நாளைப் பற்றியும் இரண்டு விடயங்களைத் தேடிப் பாருங்கள்: அதை அறிவித்தவர் யார், ஆண்டில் இத்தனை நாள்கள் இருக்க அந்தத் திகதியை ஏன் தெரிந்தெடுத்தார்கள். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எழுதுவதற்கான கதையும் அதோடு கிடைத்துவிடும். விடை கிடைக்காத நாளை விட்டுவிடுங்கள். உங்களிடம் சாப்பிட வருபவர்களில் ஆசிரியர்களும் விவசாயப் போதனாசிரியர்களும் இருப்பார்கள், ஒருமுறை பிழையான தகவலைப் படித்தவர் மறுமுறை பலகையைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

மிக உறுதியான இடத்திலிருந்து தொடங்குவோம். ஒக்டோபர் 16 உலக உணவு நாள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1945 ஆம் ஆண்டு அதே திகதியில் கனடாவின் கியூபெக் நகரில் தொடங்கப்பட்டது என்பதே காரணம். அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 1979 இல் கூடி இந்த நாளை முடிவு செய்தன. 1981 முதல் அது அனுசரிக்கப்பட்டு வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டில், பசியை ஒழிப்பதற்கென்று நாடுகள் கூடி அமைத்த நிறுவனத்தின் பிறந்தநாள் என்று எழுதினால், வன்னியில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவிக்கும் நாள்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு நாடு முன்மொழிந்து, தீர்மானமாக நிறைவேறியவை. எந்த நாடு முன்மொழிந்தது என்பதைத் தேடினால் சுவையான செய்தி அகப்படும். பெப்ரவரி 10 உலகப் பருப்பு வகைகள் நாள். 2016 ஆம் ஆண்டு சர்வதேசப் பருப்பு வகைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அந்த முயற்சி ஓராண்டோடு நின்றுவிடக் கூடாது என்று மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோ முன்மொழிந்ததால், 2018 டிசெம்பரில் பொதுச்சபை இந்த நாளை அறிவித்தது. புர்க்கினா பாசோவின் வயல்களில் முக்கியமான பருப்பு வகை எது தெரியுமா? உங்கள் கடையில் அவித்து விற்கும் அதே கௌபிதான். கௌபியின் தாயகமே ஆபிரிக்கா.

இந்த நாளை நான் முதலாவதாகச் சிபாரிசு செய்வதற்கு வேறு காரணமும் உண்டு. காலபோகத்தில் மேட்டுநிலத்தில் விதைத்த உழுந்து அறுவடையாகி, புது உழுந்து சந்தைக்கு வந்து சேரும் காலம் அது. உழுந்தும் பயறும் கௌபியும் தம் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பவை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பட்ட பாட்டை மறக்காத எங்கள் விவசாயிகளுக்கு இந்த ஒரு செய்தியின் பெறுமதி நன்றாகப் புரியும். பலகையில் இப்படி எழுதலாம்: "இன்று உலகப் பருப்பு வகைகள் நாள். ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோ முன்மொழிய, ஐ.நா. பொதுச்சபை 2018 இல் அறிவித்தது. அங்கும் கௌபி, இங்கும் கௌபி. அவித்த கௌபியும் தேங்காய்ச் சம்பலும் தயார்."

தேநீருக்கு இரண்டு நாள்கள் உண்டு, இதில் பலரும் குழம்புகிறார்கள். மே 21 ஐ சர்வதேசத் தேயிலை நாளாக ஐ.நா. பொதுச்சபை 2019 டிசெம்பரில் அறிவித்தது; தேயிலை விளையும் நாடுகள் பலவற்றில் தரமான கொழுந்து பறிக்கும் பருவம் மே மாதத்தில் தொடங்குவதால் அந்த மாதம் தெரிவாயிற்று. ஆனால் அதற்கு முன்னரே, 2005 இலிருந்து, டிசெம்பர் 15 ஐத் தேயிலை விளையும் நாடுகளின் தொழிலாளர் அமைப்புகள் தேயிலை நாளாகக் கொண்டாடி வந்தன. தோட்டத் தொழிலாளரின் கூலியும் சிறு தேயிலைச் செய்கையாளரின் வருமானமுமே அந்த நாளின் பேச்சாக இருந்தன. இரண்டில் எதை எழுதினாலும் பிழையில்லை, எது யாருடையது என்பதைச் சேர்த்து எழுதுங்கள். என்னைக் கேட்டால், கிளிநொச்சியில் டிசெம்பர் 15 ஐ விட்டுவிடக் கூடாது. 1958 இலும் 1977 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காடுகளை வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வாடிக்கையாளர்கள். கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகளைப் பற்றி உங்கள் பலகை ஒரு வரி சொல்லட்டும்.

செப்டெம்பர் 2 உலகத் தென்னை நாள். 1969 இல் ஆசிய பசுபிக் தென்னைச் சமூகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இப்போது சர்வதேசத் தென்னைச் சமூகம் எனப்படும் நாடுகளுக்கிடையிலான அமைப்பின் தொடக்க நாள் அது. அதன் தலைமையகம் ஜகார்த்தாவில் இருக்கிறது. பளைத் தேங்காய் வாங்கும் உங்களுக்கு இது பொருத்தமான நாள். மே 30 சர்வதேச உருளைக்கிழங்கு நாள். உருளைக்கிழங்கின் தாயகமான அந்தீஸ் மலைநாடு பெரு முன்மொழிந்து, 2024 இலேயே முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. ஜூன் 1 உலகப் பால் நாளை உணவு விவசாய நிறுவனம் 2001 இல் தொடங்கியது. பல நாடுகள் ஏற்கனவே அந்தத் திகதியை ஒட்டித் தத்தம் பால் நாளைக் கொண்டாடி வந்தன. வன்னித் தயிர் விற்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பிள்ளைகள் சொன்ன முட்டை நாளும் உண்மையானதே. சர்வதேச முட்டை ஆணைக்குழு 1996 இல் வியன்னாவில் கூடி, ஒக்டோபர் மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமையை அதற்கென ஒதுக்கியது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைக் கவனியுங்கள். அது எந்த ஆண்டிலும் வெள்ளிக்கிழமையில்தான் வரும், எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். அன்று முட்டைப் பலகாரத்தைக் கூடுதலாகச் செய்து வைத்தால் மிஞ்சிப் போகும். பலகையில் வியாழக்கிழமையே "நாளை உலக முட்டை நாள்" என்று எழுதி, முட்டை அப்பத்தையும் அன்றே விற்றுவிடுவது புத்தி.

இனி, "தேசிய" என்று தொடங்கும் நாள்கள். கைபேசியில் வரும் தேசிய டோனட் நாள், தேசிய ஐஸ்கிறீம் நாள் முதலியவற்றில் சொல்லப்படும் தேசம் அமெரிக்கா. ஐஸ்கிறீம் நாளை 1984 இல் ஜனாதிபதி றொனால்ட் றேகன் பிரகடனம் செய்தார்; ஜூலை மாதத்து மூன்றாவது ஞாயிறு அது. பின்னர் 1995 இல், இத்தகைய நினைவு நாள்களுக்கான சட்டமூலங்களை இனி எடுப்பதில்லை என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விதி செய்துகொண்டது. இன்று நாளுக்கு மூன்று நான்காகப் புழங்கும் "தேசிய" உணவு நாள்களில் மிகப் பெரும்பாலானவை தனியார் நாட்காட்டிகளில் பதியப்பட்டவை. வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் 2013 இல் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனம் அவற்றைப் பரப்புவதில் முன்னிற்கிறது. எங்கள் நாட்டு அரசு அவற்றில் எதையும் அறிவிக்கவில்லை என்பதால், "இன்று தேசிய ஐஸ்கிறீம் நாள்" என்று மொட்டையாக எழுதாமல், "அமெரிக்காவில் இன்று" என்று தொடங்குங்கள்.

இருந்தாலும் டோனட் நாளைத் தள்ளிவிடாதீர்கள், அதன் வரலாறு உண்மையானது, உங்கள் ஊர் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியது. முதலாம் உலகப் போரின்போது, 1917 இல், இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண் தொண்டர்கள் பிரான்சின் போர்முனைக்குச் சென்றார்கள். குண்டு விழும் இடத்துக்குப் பக்கத்தில், கையிலிருந்த மா, சீனி, கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்து, மாவைத் தட்ட உருளை இல்லாததால் வெறும் போத்தலை உருட்டி, சிறு அடுப்பில் ஒரு சட்டியை வைத்து, ஒரு தடவைக்கு ஏழெட்டாகப் பொரித்து, மழையில் வரிசையாக நின்ற படைவீரர்களுக்குச் சூடாகக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களின் நினைவாகவும், பெரும் பொருளாதார மந்தத்தில் வாடியவர்களுக்கு நிதி திரட்டவும், 1938 இல் சிக்காகோவில் இரட்சணிய சேனையினர் ஜூன் முதல் வெள்ளிக்கிழமையை டோனட் நாளாக்கினார்கள். உழுந்து வடைக்கும் நடுவில் துளை உண்டு என்பதைச் சொல்லி அன்று வடை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தனியொருவர் தொடங்கிய நாள்களும் உண்டு. மார்ச் 30 உலக இட்லி நாளை 2015 இல் சென்னையின் இட்லிச் சமையற்காரர் இனியவன் தொடங்கினார். பெப்ரவரி 5 உலக நியூட்டெல்லா நாளை 2007 இல் தொடங்கியவர் இத்தாலியில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் ஒருவர். இவற்றுக்கு ஐ.நா. முத்திரை இல்லை; தொடங்கியவர் யார் என்று எழுதினால் போதும், அதில் குறைவு எதுவும் இல்லை.

விட்டுவிட வேண்டியவற்றுக்கு உதாரணமாக ஜூலை 7 உலகச் சொக்லேற் நாளைச் சொல்வேன். 1550 ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஐரோப்பாவுக்குச் சொக்லேற் முதன்முதல் வந்தது என்ற கதையோடு அது பரவுகிறது. ஆனால் 1544 இலேயே குவாத்தமாலாப் பகுதியின் மாயா மக்கள் சிலரைத் தொமினிக்கன் துறவிகள் ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்று, இளவரசர் பிலிப்பின் முன் சொக்லேற் பானத்தைப் படைத்ததாக ஆவணம் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் முந்திய ஆவணம் இருக்கையில் அந்தக் கதை நிற்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கைபேசி காட்டாத உணவு நாள்கள் உங்கள் சொந்த நாட்காட்டியில் நிறைய இருக்கின்றன, பலகையில் முதலிடம் அவற்றுக்கே உரியது. தைப்பூசத்தில் புது நெல்லைக் குத்திப் புதிர் எடுப்பதும், ஆடிப்பிறப்பன்று வறுத்த பயறும் பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்துக் கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டை அவிப்பதும், ஆடி அமாவாசை விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் தேடி அலைவதும் எந்தத் தீர்மானமும் இல்லாமல் தலைமுறைகளாக நடப்பவை. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வருகிறது. அதற்கென முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுபோய், அந்த உப்புநீரில் விளக்கு எரித்து, பின்னரே வற்றாப்பளையில் பொங்கல் நடைபெறும். அயல் மாவட்டத்திலிருந்து ஏ9 வழியாக வருபவருக்கு இதை இரண்டு வரியில் எழுதிவைத்தால் நின்று படிப்பார். மன்னார், முல்லைத்தீவு முஸ்லிம் மக்களின் நோன்புக் கஞ்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திர நாட்காட்டி என்பதால் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்திவரும், திகதியை ஒவ்வொரு முறையும் பார்த்து எழுத வேண்டும்.

எந்த நாளும் அமையாத வாரத்தில் ஒடியற்கூழைப் பற்றி எழுதுங்கள். கூழில் போடும் மரவள்ளியும் செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயர் காலத்துக்கு முன் இந்தத் தீவில் அவை இருக்கவில்லை. ஒடியலும் மீனும் எங்களுடையவை, உறைப்பு அப்பொழுது மிளகினுடையது. இதைப் படித்துவிட்டு ஒரு கோப்பை கூழ் வாங்காமல் போவது கடினம்.

மே மாதத்தின் ஒரு வாரத்தை மட்டும் இந்தப் பலகையிலிருந்து விலக்கி வையுங்கள். மே 18 ஐ ஒட்டிக் கொடுக்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி, 2009 இன் கடைசி மாதங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமாகக் காய்ச்சி, வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றப்பட்ட கஞ்சி. அது விற்கும் உணவு அல்ல, கொடுக்கும் உணவு. அந்த வாரத்தில் பலகையை உள்ளே எடுத்துவிட்டு, இயன்றால் வாசலில் ஒரு பானை கஞ்சியை வைத்து வருபவர்களுக்குக் கொடுங்கள். மூன்று நாள் கழித்து வரும் தேயிலை நாளுக்குப் பலகையை மீண்டும் வெளியே வைக்கலாம்.

சின்னத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒட்ட வேண்டாம். ஐக்கிய நாடுகளின் சின்னத்தையும் பெயரையும் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுச்சபை 1946 இலேயே தீர்மானித்திருக்கிறது. உணவு விவசாய நிறுவனத்தின் இலச்சினைக்கும் முன் அனுமதி வேண்டும். இன்ன நாளை ஐ.நா. அறிவித்தது என்ற செய்தியை எழுதுவதற்கு எவரது அனுமதியும் தேவையில்லை. சின்னத்துக்கென ஒதுக்கிய இடத்தில் அன்றைய உணவின் விலையை எழுதுங்கள்.