அனோடைஸ்டு என்று சொன்னால் மைக்ரான் எவ்வளவு என்று கேளுங்கள்

கேள்வி: கடையில் ஹார்டு அனோடைஸ்டு கடாய் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். சாதாரண அலுமினியக் கடாயைவிட விலை ரொம்ப அதிகம். அந்தக் கறுப்பு கோட்டிங் உரிந்து சாப்பாட்டில் கலந்துவிடாதா? புளிக்குழம்பு வைக்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: உரியாது, ஏனென்றால் அது கோட்டிங்கே இல்லை. பெயின்ட் மாதிரி வெளியிலிருந்து எதையும் பூசுவதில்லை. கடாயின் மேற்பரப்பில் உள்ள அலுமினியமே மாறிப்போய் அப்படி ஆகிறது. அப்படி மாற்றும் முறைக்குத்தான் அனோடைசிங் என்று பெயர்.

சல்ப்யூரிக் ஆசிட் கலந்த தண்ணீர்த் தொட்டியில் கடாயை முக்கி, டிசி கரண்டின் பாசிட்டிவ் முனையை அதில் இணைக்கிறார்கள். நெகடிவ் முனை எதிரே நிற்கும் ஈயத் தகட்டுக்குப் போகிறது. கரண்ட் ஓடும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜன் கடாயின் மேற்பரப்போடு சேர்ந்து அலுமினிய ஆக்சைடாகிறது. காற்றில் சும்மா வைத்தாலும் அலுமினியத்தின் மேல் இதே ஆக்சைடு படியும், ஆனால் சில நானோமீட்டர்தான். தொட்டியில் அதைப் பல மைக்ரான் வரை வளர்க்கிறார்கள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஹார்டு அனோடைசிங்கில் தொட்டியை 0 முதல் 5 டிகிரி குளிரில் வைத்து, கரண்டையும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். குளிரில் ஆசிட் இந்த ஆக்சைடுப் படலத்தை அதிகம் கரைக்காது. அதனால் படலம் அடர்த்தியாக, 25 மைக்ரானுக்கு மேல் வளர்கிறது. சாயமே போடாமல் சாம்பல் கலந்த கறுப்பு நிறம் வருவதும் இதனால்தான்.

ஆனால் கடாயின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெளிப்புறம் மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருந்து, உள்ளே மட்டும் வழுவழுவென்று மின்னினால் அனோடைசிங்குக்கு மேல் நான்ஸ்டிக் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு தேயும், உரியும். பெட்டியில் ஹார்டு அனோடைஸ்டு என்பதைப் பெரிதாகவும் நான்ஸ்டிக் என்பதைச் சிறிதாகவும் அச்சடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

புளிக்குழம்பு தாராளமாக வைக்கலாம். ராத்திரி முழுக்க அதிலேயே விட்டு வைக்காதீர்கள். இந்தப் படலத்துக்குக் கடும் புளிப்பும் ஆகாது, காரமும் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) ஆகாது. சாம்பல் போட்டுத் தேய்ப்பது, சோடா மாவில் ஊறவைப்பது, டிஷ்வாஷரில் போடுவது மூன்றுமே காரம்தான். மேலே வெள்ளையாகத் திட்டு விழும். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால், அடியில் ஸ்டீல் தகடு பதித்த கடாயாகப் பாருங்கள். வெறும் அலுமினியம் அதில் சூடாகாது.

கேள்வி: புது வீட்டுக்கு அலுமினிய ஜன்னல். கொட்டேஷனில் 'அனோடைஸ்டு செக்‌ஷன்' (ஜன்னல் சட்டம்) என்று மட்டும் இருக்கிறது. பவுடர் கோட்டிங் என்றால் விலை வேறு. கடலிலிருந்து வீடு பக்கம்தான். எதைப் போடுவது? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 5 மைக்ரானும் அனோடைசிங்தான், 25 மைக்ரானும் அனோடைசிங்தான். நம் இந்தியத் தரம் ஐ.எஸ். 1868 இதை ஏசி 10, ஏசி 15, ஏசி 25 என்று மைக்ரான் கணக்கிலேயே வகைப்படுத்துகிறது. கடற்காற்று அடிக்கும் இடத்துக்கு ஏசி 25 கேளுங்கள். கொட்டேஷனில் எழுத்தில் வாங்குங்கள். செக்‌ஷன் வந்து இறங்கியதும் மைக்ரான் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லலாம். மேலே வைத்தால் அளவு காட்டும் கருவி, படலத்துக்குச் சேதமில்லை.

அளவுக்கு அடுத்தது சீலிங், அதாவது துளை அடைப்பு. புதிதாக வளர்ந்த படலம் தேன்கூடு மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஆனது. சாயம் ஏறுவது அந்தத் துளைகளில்தான். பிறகு கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துத் துளைகளை அடைப்பார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க இதைக் குறைத்தால் உப்பு உள்ளே இறங்கும். வெட்டிய துண்டு ஒன்றை வாங்கி ஒரு சொட்டுப் பேனா மை விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். கறை அப்படியே நின்றால் சீலிங் சரியில்லை என்று சந்தேகப்படலாம்.

பவுடர் கோட்டிங் மோசம் என்று சொல்ல மாட்டேன். நிறம் வேண்டியபடி கிடைக்கும், சிமென்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் அது பூச்சு. கீறல் விழுந்த இடத்தில் உப்புக்காற்று புகுந்தால் ஓரத்திலிருந்து கிளம்பும். அனோடைஸ்டு ஜன்னலுக்குச் சிமென்ட்தான் எமன். பூச்சு வேலையில் தெறித்த ஈரச் சிமென்ட் காய்ந்துவிட்டால் அந்தத் தழும்பு என்றைக்கும் போகாது. ஆகவே பூச்சு, டைல்ஸ் வேலை முழுதும் முடியும்வரை செக்‌ஷன் மேலிருக்கும் பிளாஸ்டிக் டேப்பைக் கிழிக்க விடாதீர்கள்.

கேள்வி: சிஎன்சி லேத் வைத்து அலுமினியப் பாகங்கள் செய்கிறேன். அனோடைசிங்குக்கு வெளியே அனுப்பினால் தாமதமாகிறது. நானே ஒரு தொட்டி போட்டுவிடலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தொட்டி ஒன்றோடு முடியாது, வரிசையாகப் பல தொட்டிகள் வேண்டும். எண்ணெய் நீக்க ஒன்று, காஸ்டிக் சோடாவில் அரிக்க ஒன்று, அரித்தபின் மேலே தங்கும் கறுப்புப் படிவை எடுக்க நைட்ரிக் ஆசிட், பிறகு அனோடைசிங், சாயம், சீலிங். நடுநடுவே அலசும் தொட்டிகள். ஆசிட் தொட்டிகளுக்குப் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் போதும்.

ரெக்டிஃபையர் (கரண்டை டிசியாக மாற்றும் கருவி) எத்தனை ஆம்பியர் என்பதைப் பாகத்தின் பரப்பை வைத்துக் கணக்கிட வேண்டும். சாதாரண அனோடைசிங்குக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு (10 செ.மீ.க்கு 10 செ.மீ.) 1.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டர் மாட்டினால் 150 ஆம்பியர். வோல்டேஜ் 16 அளவில் இருக்கும். 15 மைக்ரான் வளரச் சுமார் அரை மணி நேரம் பிடிக்கும். அந்த 150 ஆம்பியரும் 16 வோல்ட்டும் சேர்ந்து 2.4 கிலோவாட் சூட்டைத் தொட்டிக்குள் இறக்குகின்றன. ஆசிட்டோ 20 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். சூடு ஏறினால் படலம் மாவு மாதிரி கையில் ஒட்டும். கோவை வெயிலில் சில்லர் (தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் இது நடக்காது. ரெக்டிஃபையரை வாங்கிவிட்டுச் சில்லரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பாகத்தைப் பிடிக்கும் ஜிக் அலுமினியம் அல்லது டைட்டானியம். அலுமினிய ஜிக் மலிவு, ஆனால் அதன் மேலும் படலம் ஏறிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் காஸ்டிக்கில் கழற்ற வேண்டும். போர் தண்ணீரை ஆசிட் தொட்டியில் ஊற்றவே கூடாது, அதிலிருக்கும் குளோரைடு புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். ஆசிட் புகையை இழுக்க எக்ஸாஸ்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாரத்தில் பாதி நாள் தொட்டி சும்மா இருக்கும் என்றால் வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதுதான் லாபம்.

வெளியே கொடுக்கும்போது டிராயிங்கிலேயே மைக்ரான், அலாய் (எந்த அலுமினியக் கலவை), ஜிக் கடிக்கலாம் என்ற இடம், மூன்றையும் குறித்துக் கொடுங்கள். ஜிக் கடித்த இடத்தில் படலம் ஏறாது. 6061, 6063 அலாய்கள் அழகாக வரும். சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்புகள் திட்டுத் திட்டாகக் கறுக்கும், அதற்கு அனோடைசிங் செய்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹார்டு அனோடைசிங்கில் படலத்தின் பாதி வெளிப்பக்கம் வளரும். 50 மைக்ரான் போட்டால் ஷாஃப்ட் விட்டம் 50 மைக்ரான் கூடும், துளை அதே அளவு சுருங்கும். லேத்திலேயே அதற்கு இடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'தங்க நிற அனோடைஸ்டு பித்தளைக் குழாய்' என்று விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: அனோடைசிங் அலுமினியம், டைட்டானியம் போன்ற சில உலோகங்களுக்குத்தான் ஒத்துவரும். பித்தளையை அந்த ஆசிட் தொட்டியில் பாசிட்டிவ் முனையில் மாட்டினால் கரையும். குழாய் பித்தளையாக இருந்தால் அந்தத் தங்க நிறம் முலாமாகவோ வேறு பூச்சாகவோதான் இருக்கும். என்ன பூச்சு, எத்தனை வருஷம் வாரண்டி என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.