ரஷ்யப் படை அங்கேயே இருந்தும் கராபாக் ஆர்மீனியர்களை ஏன் காப்பாற்றவில்லை?

கராபாக், அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த மலைப்பகுதி; அதற்காக ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிவந்தன. ரஷ்யாவை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான் தெரியும். 1997-லேயே ஆர்மீனிய அதிபர் தெர்-பெட்ரோசியான் விட்டுக்கொடுத்துப் பேசலாம் என்றார், 1998-ல் பதவியே போயிற்று. அதன்பின் வந்தவர்கள் அந்தப் பேச்சை வெளிப்படையாக எடுக்க அஞ்சினார்கள். 2019-ல் பிரதமர் பஷின்யான், கராபாக் ஆர்மீனியாவேதான் என்று மேடையில் முழங்கினார். அந்தப் பக்கம் அஜர்பைஜான் அதிபர் அலியேவ் எண்ணெய்ப் பணத்தில் ஆயுதம் சேர்த்துக்கொண்டிருந்தார். 2020-ல் இரு நாடுகளுக்கும் 44 நாள் போர். அஜர்பைஜானிடம் இருந்த துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும் இஸ்ரேலிய ஆயுதங்களும் களத்தையே மாற்றின. ரஷ்யா சமரசம் பேசி 1,960 அமைதிப்படையினரை நிறுத்தியது.

ஆனால் 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மாஸ்கோவுக்கு பாகுவும் அங்காராவும், அதாவது அஜர்பைஜானும் துருக்கியும், தேவைப்பட்டன. அதுதான் முக்கியக் காரணம் என்பேன். 2022 டிசம்பரில், கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்த ஒரே சாலையான லாச்சின் பாதையை அஜர்பைஜான் தரப்பு அடைத்தது. அமைதிப்படை பார்த்துக்கொண்டிருந்தது. கராபாக்கின் தலைநகர் ஸ்தெபானகெர்ட்டில் ரொட்டிக்கு இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். 2023 செப்டம்பர் 19-ல் அஜர்பைஜான் தாக்கியது; மறுநாளே எல்லாம் முடிந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் 1,00,000-க்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள், கையில் கிடைத்ததை காரில் திணித்துக்கொண்டு, அதே சாலை வழியாகத்தான் வெளியேறினார்கள். 1990-களின் முதல் கராபாக் போரில் லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்களும் இப்படித்தான் வீடிழந்தார்கள், அதையும் மறக்கக் கூடாது.