விரதம் முடிந்து மூன்றாம் நாள் திரும்பி வந்த தலையிடி

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "சில சாப்பாடு சாப்பிட்டால் தலையிடி வருகிறது. வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். உண்மையிலேயே வருமா?"

வரும். நீங்கள் அநேகமாக ஒரு பெண், 'வேலைக்குக் கள்ளம்' என்ற பேச்சும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அதைப் பதினொரு வருடம் கேட்டேன்.

நாங்கள் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாத நாள் கிடையாது. வலது கண்ணுக்கு மேலே ஒரு நரம்பு துடிக்கத் தொடங்கினால், அப்புறம் வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற மணம் ஆகாது, சத்தி எடுத்தால்தான் கொஞ்சம் அடங்கும். அம்மா வெயில் என்றார். மாமி நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை என்றார். கண்ணாடியும் மாற்றிப் பார்த்தேன்.

பிடிபட்டது கௌரி விரதத்தில். 21 நாளும் மரக்கறிதான். ஒரு நாள்கூடத் தலையிடி இல்லை. அம்பாளின் அருள் என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். காப்புக் கட்டி விரதம் முடித்த மூன்றாம் நாள் சூரை மீன் குழம்பும், காய்ந்த சூரையான மாசியில் இடித்த சம்பலும். ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து சூடேறியது, நெஞ்சு படபடத்தது, இரவு முழுக்க அதே இடி.

அன்றிலிருந்து மகளின் பழைய சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, இடி எப்போது, நித்திரை எப்படி. இரண்டு மாதத்தில் சூரை, மாசி, கருவாடு மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. கொடுவாயும் இறாலும் ஒன்றும் செய்யவில்லை.

கிளினிக்கில் ஒரு டொக்டர் அந்தக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சூரை போன்ற மீனில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது, ஐஸ் இல்லாமல் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளாக மாற்றிவிடும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்றார். அளவு மிஞ்சினால் யாருக்கும் நஞ்சு. குடலில் அதை உடைக்கிற நொதியம் குறைந்தவர்களுக்குக் கொஞ்சமே போதும். ஏழு மணிக்கு வாங்கிய சூரை எங்கள் வீட்டு வாளியில் பத்தரை வரை கிடக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மற்ற வேலைகளை முடித்துத்தான் வெட்டுவேன். "இது மீன் ஒவ்வாமை இல்லை, மீனையே விட வேண்டாம்" என்று அவர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

இப்போது தோணி வந்த கையோடு வாங்கி, உடனே குடல் எடுத்து ஐஸில் போடுகிறேன். சமைக்கும்போது கொறுக்காய்ப் புளி. அம்மம்மா சூரைக்கு அது இல்லாமல் சட்டி வைக்கமாட்டார். அந்தப் புளிப்பு ஹிஸ்டமின் உண்டாவதைக் குறைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாசியும் கருவாடும் விட்டாயிற்று.

"எங்கள் தாத்தா கருவாடு சாப்பிட்டே தொண்ணூறு வயது இருந்தார்" என்று எழுத வருகிறவர்களுக்கு: இருந்திருப்பார், அவர் உடம்பு அப்படி. எல்லாத் தலையிடிக்கும் மீன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குப் பழைய சீஸ், சிலருக்கு வைன். வழக்கமான தேத்தண்ணி தவறினாலும் இடிக்கும். இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து ஒரு நீளப் பட்டியலை விலக்கச் சொல்கிற பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள், ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே அதை ஏற்பதில்லை. மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று பரசிட்டமோல் போட்டுக்கொண்டே வந்தால், அதுவே தலையிடியைக் கொண்டுவரும். நானும் அந்த எல்லை வரை போனேன். திடீரென்று தாங்க முடியாமல் வந்தால், காய்ச்சலோடு வந்தால், கை கால் விறைத்தால் கொப்பியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாட்டு நேரம் தவறினாலும் இடிக்கும் என்றார் டொக்டர். எங்கள் வீடுகளில் பெண் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்? எல்லாருக்கும் போட்டு, சட்டி கழுவி, மூன்று மணிக்கு. விருந்தாளி வந்தால் நான்கு. என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார். குடல் புண்ணோடு போனார், ஒருவரும் அதை நோய் என்று எண்ணவில்லை. நான் இப்போது பன்னிரண்டரைக்குப் போட்டுச் சாப்பிடுகிறேன். மாமிக்கு இன்னும் பிடிக்கவில்லை.

கொப்பியை இன்றைக்கே தொடங்குங்கள். மாதவிலக்கு நாளையும் குறியுங்கள், முதல் மூன்று கிழமை நான் அதை விட்டுவிட்டேன்.