சர்வர் கேள்வி பதில்: இடம் விடாத டிஸ்க், காலியான பேக்கப்

கேள்வி: எங்கள் உபுண்டு சர்வரில் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டதாக டிஎஃப் கட்டளை காட்டுகிறது. பெரிதாக வளர்ந்திருந்த ஒரு லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்தோம். ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. டியு போட்டுக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி இடம் எங்கே போனது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்கள் அழித்த லாக் ஃபைலிடம்தான் இருக்கிறது. லினக்ஸில் ஆர்எம் எடுத்துவிடுவது ஃபைலின் பெயரை மட்டுமே. ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை, உள்ளே இருக்கும் டேட்டாவைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விடுவிக்காது. டியு பெயர் பெயராகப் போய் எண்ணுவதால், பெயர் போன ஃபைல் அதன் கணக்கில் வராது. டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே கணக்குக் கேட்பதால் அதற்குத் தெரிகிறது. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் இருக்க வேண்டும்.

ரூட் யூசராக 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று கொடுங்கள். பெயர் போயும் திறந்தே இருக்கும் ஃபைல்கள், வரிக் கடைசியில் 'டெலிட்டட்' என்ற குறிப்போடு வரும். பிஐடி (புரோகிராமின் எண்), எஃப்டி (அது திறந்து வைத்திருக்கும் ஃபைலின் எண்) என்ற இரண்டு பத்திகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பிவிடும். பகலில் நிறுத்தவே முடியாத சர்வீஸ் என்றால் இன்னொரு வழி உண்டு. பிஐடி 2143, எஃப்டி '5டபிள்யூ' என்று வைத்துக்கொள்வோம். எஃப்டியில் 5 என்ற எண் மட்டுமே நமக்கு வேண்டும். 'ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/2143/எஃப்டி/5' என்று கொடுத்தால், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைல் பூஜ்ஜியமாகிவிடும். லாக் ஃபைல்களுக்கு மட்டுமே இதைச் செய்யுங்கள். அந்த வரிசையில் டேட்டாபேஸ் ஃபைல் எதுவும் தெரிந்தால் கை வைக்காதீர்கள்.

இனி, ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்க வேண்டாம். அதே ட்ரங்கேட்டால் காலி செய்யுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் இருக்கிறது. அதில் ஒன்றைக் கவனியுங்கள்: 'சைஸ் 100எம்' என்று எழுதிவிட்டால் 100 எம்பியைத் தொட்டதும் லாக் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லாக்ரொட்டேட் ஓடும் நேரத்தில்தான் அந்த அளவே பார்க்கப்படும், பொதுவாக அது நாளுக்கு ஒரு முறைதான் ஓடும். இடையில் லாக் 40 ஜிபி ஆனாலும் கேட்க ஆள் கிடையாது. வேகமாக வளரும் லாக்குக்குத் தனி கான்ஃபிக் ஃபைல் எழுதி, மணிக்கு ஒரு முறை க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் சர்வீஸ்) ஓட்டுங்கள்.

டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இருந்தால் அங்கேயும் பாருங்கள். அதன் வழக்கமான ஜேசன் லாக் முறைக்கு அளவு வரம்பே கிடையாது. டீமன் ஜேசன் ஃபைலில் மேக்ஸ்-சைஸ் '10எம்', மேக்ஸ்-ஃபைல் '3' என்று வைத்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் அது பொருந்தும். பழையவற்றை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும்.

டிஎஃப்பில் இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று வந்தால் கதை வேறு. அப்போது பெரும்பாலும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்திருக்கும். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு ஒதுக்குகிறது. 20 ஜிபி டிஸ்க்கில் சுமார் 13 லட்சம். குட்டிக் குட்டி பிஹெச்பி செஷன் ஃபைல்கள் அதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். 'டிஎஃப் --ஐநோட்ஸ்' கொடுத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: தினமும் இரவு மைஎஸ்கியூஎல்டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து, பைப் மூலம் ஜிஸிப்புக்கு அனுப்பி, பழைய பேக்கப்பை ஃபைண்ட் கட்டளையால் அழிக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். பிழை எதுவும் வந்ததில்லை. இதில் சேர்க்க வேண்டியது உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிழை வராமல் இருப்பதுதான் கவலை தருகிறது. முதலில் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, ஃபைல்களின் அளவைப் பாருங்கள். 20 பைட் அளவில் ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமே இல்லாத உள்ளீட்டை ஜிஸிப் சுருக்கினால் கிடைப்பது சரியாக 20 பைட்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறி டம்ப் தோற்றுப்போனாலும் ஜிஸிப் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிடும். பைப்பின் வெற்றி தோல்வியை ஷெல் கடைசிக் கட்டளையை வைத்தே சொல்வதால், ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்று முடியும். அடுத்த வரியில் ஃபைண்ட் வழக்கம்போலப் பழையதை அழித்துக்கொண்டே போகும். இரண்டு வாரம் யாரும் பார்க்காவிட்டால் நல்ல பேக்கப் ஒன்றுகூட மிஞ்சாது.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ஷெல் /பின்/பாஷ் என்று இருக்கட்டும். இரண்டாவது வரியில் 'செட் -இயுஓ பைப்ஃபெயில்' போடுங்கள். பைப்பில் எது தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும், அழிக்கும் வரிக்குப் போகாது. டம்ப்பை நேராக இறுதிப் பெயரில் எழுதாமல் '.டெம்ப்' என்று முடியும் பெயரில் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் 'ஸிகேட்' மூலம் விரித்து 'டெயில்' கொண்டு கடைசி வரியைப் பாருங்கள். முழுமையான டம்ப்பின் கடைசியில் வழக்கமாக 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற கமென்ட் இருக்கும். அது இருந்தால் மட்டும் எம்வி போட்டுப் பெயரை மாற்றுங்கள். டேபிள்கள் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் ஒரு சேமிப்பு முறை) என்றால் '--சிங்கிள்-ட்ரான்சாக்‌ஷன்' சேர்த்துவிடுங்கள். டேபிள்கள் பூட்டப்படாமல், ஒரே கணத்தின் நிலையில் டம்ப் கிடைக்கும்.

ஃபைண்ட் வரியில் வரிசை உயிர்போகும் விஷயம். '-எம்டைம் +7' முதலில், '-டெலிட்' கடைசியில். மாற்றி எழுதினால் வயதைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். '-டெலிட்' இடத்தில் '-ப்ரின்ட்' வைத்து ஓட்டி, பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள். '+7' என்றால் முழுதாக 8 நாள் ஆனவை என்று பொருள். மாதம் ஒரு முறை ஒரு பேக்கப்பைத் தனி டெஸ்ட் டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, முக்கிய டேபிள்களின் வரி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் க்ரானில் ஓடுவதில்லை. சில சமயம் ஓடினாலும் நேரம் தவறுகிறது.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: க்ரான் உங்கள் லாகின் செட்டிங் எதையும் படிப்பதில்லை. டெபியன், உபுண்டுவில் அதற்குத் தெரிந்த பாத் பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டும்தான். நோட், ஏடபிள்யூஎஸ் போன்றவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருந்தால் கிடைக்காது. முழுப் பாதையையும் எழுதுங்கள். க்ரான்டாபில் நேரடியாக எழுதும் வரியை /பின்/எஸ்ஹெச் ஓட்டுகிறது. உபுண்டுவில் அது டாஷ் என்பதால் இரட்டைச் சதுர அடைப்பு போன்ற பாஷ் வசதிகள் செல்லாது. அந்த வரியில் % இருந்தால் க்ரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பிவிடும். டேட் கட்டளையைப் போட்டுத் தேதியோடு ஃபைல் பெயர் வைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். \% என்று எழுதுங்கள். வரிக் கடைசியில் '>> லாக் ஃபைல் பாதை 2>&1' சேர்த்துவிட்டால் பாதிக் காரணங்கள் தானே வெளியே வரும். '2>&1' பின்னால்தான் வர வேண்டும்.

நேரம் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருப்பது. நம் அதிகாலை 2 மணி, அங்கே முந்தைய நாள் 20:30. கிழமையும் மாறும் என்பதை மறந்துவிடுவார்கள்: நமக்குத் திங்கள் அதிகாலை 2 மணிக்கு வேண்டுமென்றால் க்ரானில் ஞாயிறு 20:30 என்று கொடுக்க வேண்டும். டைம்டேட்சிடிஎல் மூலம் ஏசியா/கொல்கத்தாவுக்கு மாற்றுவதாக இருந்தால், பிறகு க்ரான் சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டை லினக்ஸில் ஓட்டினால் 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்கிறது. பாஷ் இருக்கிறதே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வரிக் கடைசியில் விண்டோஸ் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத சிஆர் எழுத்தையும் சேர்த்துப் படித்து, அந்தப் பெயரில் பாஷைத் தேடுகிறது. 'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டினால் சரியாகும். கிட் வைத்திருந்தால் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்ட்களுக்கு 'இஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி போதும்.

கேள்வி: ஆர்சிங்கில் (ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் கட்டளை) ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வந்துவிடுகிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மூலப் பாதையின் கடைசியில் / இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். '--டெலிட்' சேர்த்திருந்தால் இந்த ஒற்றைக் கோடு மறுபக்கத்து ஃபைல்களையே அழிக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் முதலில் '-வி --ட்ரை-ரன்' போட்டு, 'டிலீட்டிங்' என்று வரும் வரிகளைப் படித்துவிட்டு ஓட்டுங்கள்.