மாலத்தீவுச் சாப்பாட்டுக்கு இரண்டு வருட இஎம்ஐயா?

கேள்வி: அம்பத்தூரில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 82,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 24,000. பொங்கல் விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேரும், மச்சினன் குடும்பத்தில் மூன்று பேரும் மாலத்தீவு போகலாம் என்று பேச்சு. ரிசார்ட்டில் நான்கு இரவுக்கு ஏஜென்ட் 5,20,000 கேட்கிறார். அதில் 1,60,000 சாப்பாடும் மதுவும் அடங்கிய 'ஆல் இன்க்ளூசிவ்' திட்டத்துக்கு. எங்களில் யாரும் குடிப்பதில்லை. ஆனால் அங்கே தனியாகச் சாப்பிட்டால் யானை விலை என்கிறார்கள். எல்லாவற்றையும் என் கார்டில் 24 மாத இஎம்ஐ போடு, பாதியைத் தந்துவிடுகிறேன் என்கிறான் மச்சினன். போன வருட மூணாறு பயணத்தில் அவன் பங்கு 38,000 இன்னும் வரவில்லை. மறுத்தால் மனைவி வருத்தப்படுவாள். என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் கார்டைப் பற்றி. மூணாறு கணக்கே முடியாதபோது அதே கார்டை அதே ஆளுக்காக மறுபடி நீட்டப் போகிறீர்கள்.

வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5,20,000 ரூபாய்க்கு இரண்டு வருடத்தில் வட்டி சுமார் 85,000. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, அது 15,000. மாதம் ஏறக்குறைய 26,000 போகும். வீட்டுக் கடனையும் சேர்த்தால் 50,000. மச்சினன் பணம் வராவிட்டால் 32,000 ரூபாயில் குடும்பம் நடத்த வேண்டும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ஏஜென்ட் சொன்னால், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் வட்டி ஒளிந்திருப்பது அங்கேதான்.

இப்போது சாப்பாடு. யானை விலை என்பது ரிசார்ட்டைப் பொறுத்தவரை உண்மை. ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட், வெளியே போய்ச் சாப்பிட வழியில்லை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் சுற்றுலா வரி 17 சதவீதம். 100 டாலர் சாப்பாடு 128 டாலரைத் தாண்டிவிடும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் ஆல் இன்க்ளூசிவ் வாங்குகிறார்கள். குடிக்காத குடும்பம் அதை வாங்குவது பக்கத்து மேசைக்காரர் குடிப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டுவதுதான்.

மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவில் தங்குங்கள். தலைநகர் மாலேயிலிருந்து படகில் போகலாம், ஊர் முழுக்க விருந்தினர் இல்லங்கள். தீவின் நீளமே ஒன்றேகால் கிலோமீட்டர்தான், நடந்துபோய்ச் சாப்பிடலாம். அங்கே மது கிடையாது, உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. அறை வாடகையும் நன்றாகக் குறையும்.

அரிசி, மாவு, காய்கறி பெரும்பாலும் கப்பலில் வருகிறது, அதனால்தான் விலை. மீனும் தேங்காயும் அவர்களுடையவை, அதையே சாப்பிடுங்கள். காலையில் மஸ் ஹுனி: உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் கையால் பிசைந்து, சப்பாத்தி போன்ற ரோஷியோடு தருவார்கள். நம் மாசிக் கருவாட்டுச் சம்பல் பிடித்தவர்களுக்கு முதல் வாயிலேயே பழகிவிடும், மாசியும் அந்தச் சூரையில் செய்வதுதானே. மதியம் சோற்றில் கருதியா என்ற தெளிந்த மீன் ரசம், மேலே எலுமிச்சை. சாயங்காலம் டீக்கடையில் ஹெதிகா என்ற பலகாரங்கள். மீன் வைத்த குல்ஹா உருண்டையைக் குழந்தைகள் விடமாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் உட்காரும் கடையாகப் பாருங்கள், அங்கே வரி 8 சதவீதம்தான். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அறையோடு காலை உணவு மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

பெரியவருக்கு நாளைக்கு 25 டாலர், குழந்தைக்குப் பாதி என்று தாராளமாகவே வைப்போம். நான்கு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் ஐந்து நாளைக்கு 625 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் சுமார் 56,000. உங்கள் பங்கு 28,000. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, மாதம் 3,500 ஆர்.டி.யில் போட்டால் சாப்பாட்டுக் காசு கையில். டிக்கெட், அறைக்கும் இப்படியே சேர்த்துப் பாருங்கள். எட்டு மாதத்தில் சேராவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கடன் மட்டும் வேண்டாம்.

அப்புறம் மச்சினன். முதலில் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். தம்பியைக் குறை சொல்ல வேண்டாம், 32,000 என்ற எண்ணைக் காட்டினால் போதும். பிறகு அவனிடம், "மூணாறு பணத்தை முடிச்சிடுப்பா, இந்தத் தடவை அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்க கார்டுல போட்டுக்கலாம்" என்று சொல்லுங்கள். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இது நடந்தாக வேண்டும். ஒரு ரூபாய் கட்டிவிட்டால்கூட அப்புறம் இந்தப் பேச்சை எடுக்க உங்களுக்கு வாய் வராது.