மேஃபேர் ஜமீனும் மாட்டுங்கா பக்டியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் லண்டனில் பெல்கிரேவியா பக்கம் வேலை பார்க்கிறான். அந்த வட்டாரத்தில் பெரும்பகுதி நிலம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாம். இதை நம்புவதா?
— மாட்டுங்கா வாசகர் ஒருவர்

நம்புங்கள். குரோவ்னர் குடும்பம், அதன் தலைவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் என்று பட்டம். பெல்கிரேவியாவோடு மேஃபேரிலும் பெரும் பகுதி அவர்களுடையது. வியாபாரம் செய்தோ போருக்குப் போயோ சம்பாதித்தது இல்லை, எல்லாம் ஒரு கல்யாணத்தில் வந்தது. 1677-இல் தாமஸ் குரோவ்னர் என்ற 21 வயது செஷயர் பணக்காரர் மேரி டேவிஸைக் கட்டிக்கொண்டார். பெண்ணுக்கு வயது 12! கைக்குழந்தையாக இருக்கும்போதே, 1665 கொள்ளைநோயில் அப்பா போய்விட்டார், லண்டனுக்கு மேற்கே சுமார் 500 ஏக்கர் அவள் பெயருக்கு வந்தது. அன்றைக்கு அது சதுப்பும் மேய்ச்சல் தரையும்தான், பெரிதாக யாரும் மதிக்கவில்லை. நம்ம பம்பாயும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் கல்யாணச் சீராகக் கை மாறியது. போர்ச்சுகல் இளவரசியைக் கட்டிய இரண்டாம் சார்லஸுக்கு 1661 ஒப்பந்தத்தில் வந்த ஊர், 1668-இல் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ராஜாவுக்கு நிலத்தின் அருமை தெரியவில்லை, குரோவ்னர்களுக்குத் தெரிந்தது.

மேரியின் கதைதான் பாவம். 1700-இல் கணவர் இறந்தார், அடுத்த வருஷம் பாரீஸில் ஒருவன் "இவள் எனக்குத் தாலி கட்டிய மனைவி" என்கிற மாதிரி கிளம்பிவந்து சொத்தில் பங்கு கேட்டான், வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து கடைசியில் அந்தக் கல்யாணமே செல்லாது என்று ஆனது. அதற்குள் மேரிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, 1730-இல் சாகும்வரை நிலத்தை மற்றவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். மேஃபேரில் டேவிஸ் தெரு என்று ஒன்று இருக்கிறது. பையனை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், அவள் பிறந்த வீட்டுப் பெயர்தான் அது.

கேள்வி: அப்படியானால் அங்கே வீடு வாங்கினவர்கள் எல்லாம் வாடகைக்காரர்கள்தானா?
— மாட்டுங்கா வாசகரைத் தொடர்ந்து, கிர்காவிலிருந்து ஒரு பக்டி குடித்தனக்காரர்

கிட்டத்தட்ட. 1720-களில் மேஃபேரிலும் 1820-களில் பெல்கிரேவியாவிலும் வீடு எழும்பியபோது குடும்பம் நிலத்தை விற்கவே இல்லை, நீண்ட குத்தகைக்குத்தான் விட்டது. பெல்கிரேவியாவைக் கட்டியவர் தாமஸ் கியூபிட், கட்டுகிற செலவு அவர் தலையில். குத்தகை முடிந்ததும் மண்ணோடு மேலே நிற்கிற கட்டடமும் குரோவ்னர்களிடம் திரும்பிவிடும். ஒரு காசு போடாமல் அரண்மனை வரிசையே வந்து சேர்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

உங்கள் பக்டி, அதாவது முதலிலேயே ஒரு பெருந்தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் காலகாலமாகக் குடியிருக்கிற பம்பாய் ஏற்பாடு, இதற்கு நேர்மாறு. 1947 வாடகைச் சட்டம் வாடகையை 1940 நிலவரத்திலேயே கட்டிப்போட்டது. நீங்கள் மாசம் சில நூறு ரூபாய் கொடுக்கிறீர்கள், அதை வைத்துச் சுண்ணாம்புகூட அடிக்க முடியாது என்று வீட்டுக்காரர் கையை விரிக்கிறார், மழைக்காலத்தில் பால்கனி விழுகிறது. இங்கே சட்டம் குடியிருப்பவர் பக்கம் சாய்ந்தது, அங்கே வெகுகாலம் நிலக்காரர் பக்கம். 1967-இல்தான் குத்தகைக்காரர் நிலத்தையே வாங்கிக்கொள்ள அங்கே வழி பிறந்தது. பெல்கிரேவியாவில் சுமார் 80 வீடுகள் அப்படிக் கையைவிட்டுப் போக, குடும்ப அறக்கட்டளைக்காரர்கள் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1986-இல் தோற்றார்கள். மனித உரிமை! 1993-இல் அந்த உரிமை அடுக்குமாடி வீடுகளுக்கும் விரிந்தபோது, ஆறாவது டியூக் கோபித்துக்கொண்டு கன்சர்வேடிவ் கட்சியையே விட்டு விலகினார். என்னைக் கேட்டால் இரண்டு ஊர் ஏற்பாடும் சரியில்லை, ஆனால் உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு இரக்கம் உண்டு, டியூக் மேல் கிடையாது.

கேள்வி: அங்கே வாரிசு வரி 40 சதவீதம் என்கிறார்களே, இவ்வளவு சொத்து எப்படித் தாங்கியது?
— செம்பூர் வாசகி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

ஒரு தடவை தாங்கவில்லை. இரண்டாவது டியூக் 1953-இல் இறந்தபோது வந்த வரியில் பிம்லிக்கோ பகுதியை விற்க வேண்டியதாயிற்று. பட்ட அடியில் புத்தி வந்தது. 2016 ஆகஸ்டில் ஆறாவது டியூக் திடீரென்று காலமானபோது சொத்து சுமார் 900 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டார்கள், ஆனால் பெரும்பகுதி அறக்கட்டளைகளின் பேரில் இருந்தது. அறக்கட்டளையில் இருப்பதற்குச் சாவு வரி இல்லை, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அதிகபட்சம் 6 சதவீதம். வங்கியில் இருந்தவர், கணக்கு உங்களுக்கே புரியும். இதெல்லாம் சட்டப்படிதான் என்பதில் சந்தேகமில்லை. செம்பூரில் ஒரு பிளாட்டை மகள் பெயருக்கு மாற்ற நாம் முத்திரைத்தாளோடு அலைகிற அலைச்சலை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கேள்வி: அமெரிக்கத் தூதரகமே இவர்களிடம் குடியிருந்ததாமே?
— தாராவி வாசகர்

ஆமாம். குரோவ்னர் சதுக்கத்தில் 1960-இல் திறந்த தூதரகக் கட்டடம் நின்றது இவர்கள் மண்ணில்தான். 999 வருஷக் குத்தகை, வாடகை வருஷத்துக்கு ஒரு மிளகு. பேருக்கு ஒரு வாடகை இருக்க வேண்டும் என்பதற்காக! நிலத்தை மொத்தமாக விலைக்குக் கேட்ட அமெரிக்காவிடம், "சுதந்திரப் போரில் நீங்கள் பறித்த எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், பேசலாம்" என்று பதில் போனதாக ஒரு கதை உலவுகிறது. 2018-இல் தூதரகம் லண்டனிலேயே நைன் எல்ம்ஸ் வட்டாரத்துக்குப் போய்விட்டது.

கேள்வி: இப்போதைய டியூக் யார், எத்தனை பிள்ளைகளில் ஒருவர்?
— முலுண்ட் வாசகி

ஹியூ குரோவ்னர், ஏழாவது டியூக். பட்டம் வந்தபோது வயது 25. 2024 ஜூனில் செஸ்டர் கதீட்ரலில் ஒலிவியா ஹென்சனைத் திருமணம் செய்தார். நான்கு பிள்ளைகளில் மூன்றாவது, மூத்தவர்கள் இரண்டும் அக்காமார். பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டும்தான் என்பதால் அவர்களைத் தாண்டித் தம்பிக்கு வந்தது. அந்த 500 ஏக்கர் வந்ததே ஒரு பெண்பிள்ளை வழியில்தானே என்று அக்காமார் யாராவது சாப்பாட்டு மேஜையில் கேட்டிருப்பார்களா, தெரியவில்லை.