டயரில் காற்றை இறக்கிய பிறகு: பாலைவன சஃபாரி பற்றி வாசகர் கேள்விகள்

துபாயில் 11 ஆண்டுகள் சஃபாரி வண்டி ஓட்டிவிட்டு, இப்போது உடன்குடியில் பனங்காட்டுப் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். விடுமுறைக்குத் துபாய் போகிறவர்கள் மாலை நேரப் பாலைவனச் சுற்றுலா பற்றி என்னிடம் கேட்கலாம் என்று ஆசிரியர் அறிவித்திருந்தார். கடிதங்கள் வந்து குவிந்தன என்று எழுத ஆசைதான், வந்தவை பதினேழு. அதிலும் ஐந்து பேர் ஒட்டகப் பால் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். மற்றவர்களில் சிலருக்கு இங்கே பதில்.

மதியம் இரண்டரை மணிக்கே ஓட்டல் வாசலில் நிற்கச் சொல்கிறார்கள். சூரியன் மறைவதைப் பார்க்க அவ்வளவு முன்னதாக எதற்கு? – திண்டுக்கல் வாசகர்

ஒரு லேண்ட் குரூசரில் ஓட்டுநரைத் தவிர ஆறு பேர். அந்த ஆறு பேரை இரண்டு மூன்று ஓட்டல்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கவேண்டும். துபாயின் பழைய பகுதியான தேராவின் சந்துகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. "கீழே வந்துவிட்டோம்" என்று போனில் சொல்கிற குடும்பம் அப்போதுதான் லிப்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும். பிறகு ஹத்தா போகிற சாலையில் லஹ்பாப் மணல்வெளி வரைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். டிசம்பரில் அங்கே ஐந்தரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். கணக்குப் போட்டால் இரண்டரை மணி நியாயம்தான். ஜூன், ஜூலையில் ஏழு மணிக்கு மேல்தான் மறையும், ஆனால் அந்த மாதங்களில் சாயங்காலத்திலும் வெயில் 40 டிகிரியில் நிற்கும். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்வாருங்கள். ராத்திரியில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

நடப்பது இவ்வளவுதான்: மணல் தொடங்கும் இடத்தில் ஒரு நிறுத்தம். அங்கே தலைத்துண்டு விற்பார்கள், நான்கு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு ஆள் பிடிப்பார்கள். அதற்குக் காசு தனி. பிறகு அரை மணி நேரம் மணல் மேடுகளில் ஏறி இறங்குவது. ஒரு முகட்டில் இறங்கிச் சூரியனோடு படம். அப்புறம் முகாம். அங்கே காபி, பேரீச்சம்பழம், மருதாணி, பத்தடி தூரத்துக்கு ஒட்டகச் சவாரி, சாப்பாடு, ஆட்டம். ஒன்பது, ஒன்பதரைக்கு ஓட்டல்.

மாலையில் போவதற்குப் படம் மட்டும் காரணம் அல்ல. உச்சி வெயிலில் மணலுக்கு நிழல் கிடையாது. மேடும் பள்ளமும் ஒரே தாளாகத் தெரியும். முன்னால் இருப்பது சரிவா, படுகுழியா என்று பத்து வருடம் ஓட்டியவனுக்கும் பிடிபடாது. நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு முகடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். எங்களுக்குக் கண் தெரிவதே அப்போதுதான்.

டயர் காற்றைச் சாலையோரத்தில் திறந்துவிடுவதை வீடியோவில் பார்த்தேன். அப்படி ஓட்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வராதா? – கோயம்புத்தூர் வாசகர், லாரி வைத்திருப்பவர்

லாரிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். தார்ச்சாலையில் 35 இருக்கிற காற்றை 15, 16க்கு இறக்குவோம். காற்று முழுக்க இருந்தால் டயர் கத்தி போல மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இறக்கிவிட்டால் தட்டையாகி, நீளவாக்கில் அதிக மணலைத் தொடும். ஒட்டகத்தின் பாதம் மிதிக்கும்போது விரிகிறதே, அதே வேலை.

நீங்கள் பயப்படுவதும் சரி. காற்றுக் குறைந்த டயரோடு ஸ்டீயரிங்கைச் சடாரென்று ஒடித்தால் கழன்றுதான் வரும். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை, பின்சீட்டில் இருந்த நான்கு இளைஞர்கள் "இன்னும், இன்னும்" என்று கத்தினார்கள். எனக்கும் அப்போது வயது குறைவு, வீராப்பு அதிகம். முன்பக்கத்து இடது டயர் போயிற்று. ஜாக்கி வைத்தால், வண்டி மேலே வருவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே போகிறது. அதற்கு அடியில் போடும் பலகையை அன்றைக்கென்று எடுத்துவர மறந்திருந்தேன். சூரியன் மறைந்ததை அந்த ஆறு பேரும், மணலைத் தோண்டிக்கொண்டிருந்த என் முதுகுக்கு மேலாகத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து "வேகமாகப் போங்கள்" என்று யார் சொன்னாலும் எனக்குக் காது கேட்பதில்லை. உங்கள் ஓட்டுநரையும் உசுப்பேற்றாதீர்கள்.

இன்னொன்று கவனியுங்கள். காற்று வீசுகிற பக்கம் மணல் மேடு மெல்ல ஏறும். மறுபக்கம் செங்குத்தாக விழும். காய்ந்த மணல் 33, 34 பாகைக்கு மேல் நிற்காது, தானாகவே வழியும். நல்ல ஓட்டுநர் முகட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, மறுபக்கம் எட்டிப் பார்த்துத்தான் இறக்குவான். குறைத்தது அதிகமானால் வண்டி வயிறு தட்டி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும். அப்போது கயிறு கட்டி இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். ஆகவே தனி வண்டியாக மணலுக்குள் போகிறவனோடு போகாதீர்கள். கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டும் எல்லா இருக்கைக்கும் பெல்ட்டும் இருக்கிறதா என்று ஏறும்போதே பாருங்கள்.

கொடைக்கானல் மலை ஏறினாலே எனக்கு வாந்தி வரும். நான் போகலாமா? – மதுரை வாசகி

போகலாம், முன்சீட் கிடைத்தால். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம்; அது பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது, ஒவ்வொரு இறக்கத்திலும் தூக்கிப் போடும். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே, பாதி வயிற்றுக்கு முடியுங்கள். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூரத்தில் வானமும் மணலும் சேருகிற கோட்டைப் பாருங்கள். மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படும் முன்பே போடவேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு பயனில்லை. சிலவகை மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். முகாமுக்கு வந்ததும் திண்டில் சாய்ந்தவர், திரும்புகிற நேரத்துக்குத்தான் கண் விழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

முக்கியமாக, வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். வண்டியை நிறுத்த எங்களுக்கு அரை நிமிடம் போதும். இருக்கையைக் கழுவ அரை நாள் ஆகும்.

அண்ணாச்சி, அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் அறுவை செய்தவர்கள். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. குடும்பத்தோடு போக வழி உண்டா? – திருநெல்வேலி வாசகர்

இரண்டு பேரும் மணல் மேட்டுச் சவாரிக்கு வரக்கூடாது. முதுகு, கழுத்து, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் இதே பதில்தான். ஆனால் பல நிறுவனங்கள் மணலில் ஏறாமல் நேராக முகாமுக்கு அழைத்துப்போகும் வண்டியும் வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன்பே அதைக் கேளுங்கள். முகாமில் தாழ்வான மேசை, தரையில் திண்டு. அம்மா உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். நாற்காலி வேண்டும் என்றும் முன்பே சொல்லிவிடுங்கள். கழிப்பறை முகாமில் உண்டு, ஆனால் மணலில் கொஞ்சம் நடக்கவேண்டியிருக்கும்.

நீங்கள் ஒட்டகத்தில் ஏறுவீர்கள் என்று நினைக்கிறேன். அது எழும்போது பின்னங்கால்தான் முதலில் எழும், நீங்கள் முன்னால் குப்புறச் சாய்வீர்கள். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், மறுபடியும் முன்னால்தான் சாய்வீர்கள். இரண்டு நேரமும் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்த் தேரியிலேயே செம்மணல் மலை போலக் கிடக்கிறது. அதைப் பார்க்க விமானம் ஏறவேண்டுமா? – திசையன்விளை வாசகர்

நம் ஊர்க்காரர் வாயிலிருந்துதான் இது வரும். லஹ்பாப் மணலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் குதிரைமொழித் தேரிதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் செருப்பில்லாமல் தேரியில் பதநீர் வாங்கப் போய், கால் சுட்டு, பனை நிழலுக்கும் பனை நிழலுக்கும் ஓடியவன் நான். இரண்டு இடத்திலும் சிவப்புக்குக் காரணம் ஒன்றுதான், மணல் துகளின் மேல் படிந்த இரும்புத் துரு. துபாய் கடற்கரையை ஒட்டிய மணல் வெளுத்திருக்கும். உள்ளே போகப் போகத்தான் சிவக்கும்.

வித்தியாசமும் உண்டு. நம் தேரியைப் பனையும் முந்திரியும் பிடித்து வைத்திருக்கின்றன. அங்கே பிடித்து வைக்க ஆள் இல்லை. பலத்த காற்று இரண்டு நாள் அடித்தால், போன வாரம் நான் இறங்கிய சரிவு இந்த வாரம் அங்கே இருக்காது. அதைப் பார்க்கவேண்டுமானால் போங்கள். மணலில் காலைப் புதைத்துக்கொண்டு அந்தி பார்க்க மட்டும் ஆசை என்றால், திசையன்விளையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் போதும். காசை மிச்சம் பிடியுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். என்ன கிடைக்கும்? – கும்பகோணம் வாசகி

சோறு, பருப்பு, ரொட்டி, காய்கறிச் சாலட், அரைத்த கொண்டைக்கடலையில் எள்ளும் எண்ணெயும் சேர்த்த ஹம்முஸ். பட்டினி இல்லை, விருந்தும் இல்லை. சுட்டுத் தருவது எதையும் வாங்காதீர்கள், பன்னீரும் கோழியும் ஒரே கம்பிமேல் வெந்திருக்கலாம்.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது காபியைத்தான். கஹ்வா என்பார்கள். ஏலக்காய் போட்ட, பால் இல்லாத, சர்க்கரை இல்லாத, வெளிறிய காபி. கும்பகோணத்துக்காரர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பீர்கள். பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். அலகு போல மூக்கு நீண்ட தல்லா என்ற காபிக் கூஜாவிலிருந்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். அது கஞ்சத்தனம் அல்ல. குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் உபசாரம். போதும் என்றால் கிண்ணத்தை வலது கையில் பிடித்து இலேசாக அசைத்துக் கொடுக்கவேண்டும். இந்த அரபுக் காபி உபசாரத்தை 2015இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முகாமில் பிளாஸ்க்கிலிருந்து காகிதக் கோப்பையில் கொடுத்தால் அது வேறு விஷயம்.

அங்கே ஆடும் நடனம் அந்நாட்டுக் கலைதானா? பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா? – திருச்சி வாசகர்

பல வண்ணப் பாவாடை குடையாக விரியச் சுற்றுவது தனூரா, எகிப்திலிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், பெரியவர்களுக்குப் பார்த்தே தலை சுற்றும். இடுப்பு நடனமும் எமிரேட்ஸ் மண்ணில் பிறந்தது அல்ல. அவர்களுடைய சொந்த ஆட்டம் அய்யாலா. மெல்லிய மூங்கில் கம்பைப் பிடித்து ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடுவது. முகாமில் அதை நான் பார்த்தது அபூர்வம். பிள்ளைகளோடு பார்ப்பதில் தயக்கம் இருந்தால், அந்த இருபது நிமிடம் அவர்களை மணலில் சறுக்க விடுங்கள். ரமலான் மாதத்தில் பல முகாம்களில் ஆட்டமும் பாட்டும் இருக்காது.

பாலைவனத்தில் மரமே கிடையாதா? – விருத்தாசலம் வாசகர்

உங்களுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. அந்நாட்டின் தேசிய மரத்தை அவர்கள் காஃப் என்கிறார்கள். பேர் புதிது, மரம் உங்களுக்குப் பழையது: உங்கள் ஊர்க் கோயிலின் தலமரமான வன்னிதான் அது. விஜயதசமிக்கு அம்பு போடும் அதே வன்னி. வேரை ஆழத்துக்கு விட்டு நீரைத் தேடிக்கொள்ளும், ஒட்டகம் எட்டியவரை மேய்வதால் அடிப்பக்கம் கத்தரித்தது போலச் சீராக இருக்கும். 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டு என்று அவர்கள் கொண்டாடியபோது இந்த மரத்தைத்தான் சின்னமாக வைத்தார்கள்.

மரம், விலங்கு இவற்றில் ஆர்வம் உள்ளவர் என்றால் ஆட்டம் பாட்டத்துக்குப் போகாமல், துபாய் பாலைவனப் பாதுகாப்பு வனத்துக்குள் போகும் சுற்றுலாவைத் தேர்ந்துகொள்ளுங்கள். 225 சதுர கிலோமீட்டர். விலை கூடுதல், வண்டி மெதுவாகப் போகும். அங்கே வெள்ளை ஓரிக்ஸ் மான்கள் மேயும். 1972இல் காட்டில் கடைசி ஓரிக்ஸும் போய், வளர்ப்பில் இருந்தவற்றிலிருந்து பெருக்கி, 1982இல் ஓமானில் மீண்டும் வெளியே விடப்பட்ட இனம் அது.

சாதாரண முகாமுக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். சாப்பாட்டு வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில் வரிசையில் நிற்காமல், ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, முகாமின் பின்பக்கம் நூறு அடி நடந்து ஒரு மேட்டுக்கு மறுபுறம் உட்காருங்கள். விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டவேண்டாம். ஜெனரேட்டர் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மேற்கே நகரத்து வெளிச்சம் மங்கலாக இருக்கும், கிழக்கே திரும்பிக்கொள்ளுங்கள். டிசம்பர் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உயரத்தில் நிற்கும், கீழே திருவாதிரை. நான் வேலையை விடாமல் 11 வருடம் இருந்ததற்கு அந்தப் பத்து நிமிடமும் ஒரு காரணம். திரும்பி வரும்போது சோறு ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

ஓட்டுநருக்குத் தனியாகப் பணம் கொடுக்கவேண்டுமா? – தஞ்சாவூர் வாசகி

கட்டாயம் இல்லை. கேட்டு வாங்குகிறவனுக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் உங்களை இறக்கிவிட்ட பிறகு அவன் வேலை முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிக்குள் இருக்கும் மணலைக் கூட்டி, பெட்ரோல் நிரப்பி, சாவியைக் கொடுத்துவிட்டு அறைக்குப் போகும்போது பெரும்பாலும் நள்ளிரவு. மணலில் பதற்றமில்லாமல் ஓட்டினான், யாராவது குமட்டுகிறது என்றதும் நிறுத்தினான் என்றால், பத்தோ இருபதோ திர்ஹம் கொடுங்கள். கையில் கொடுங்கள். இருக்கையில் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் அந்த வண்டியை எடுக்கிறவன் வேறு ஆளாக இருப்பான்.